இரண்டேகால் மணி நேரம் யாருக்கு?

சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு ஆகாய மார்க்கமாக ஏறத்தாழ 1,360 கிலோமீட்டர். விமானம் இரண்டேகால் மணி நேரத்தில் போய்விடுகிறது. கப்பலில் போனால் சுமார் 60 மணி நேரம். 2024-இல் அந்த ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் சூட்டினார்கள். பெயர் மாறியது, தூரம் மாறவில்லை.

தோழர்களே, அங்கே கொத்தனார் வேலை பார்க்கும் என் தம்பிக்கு இந்தத் தூரம் ஐந்து நாள் ஆயிற்று. சிவகங்கைப் பக்கம் எங்கள் கிராமத்தில் அம்மா கண்ணை மூடினாள். மறுநாள் விமானத்துக்குத் தம்பியிடம் சொன்ன விலை அவனுடைய ஒரு மாதக் கூலி. மறுநாள் புறப்பட்ட கப்பலில் ஏறி, சென்னையில் இறங்கி, பஸ் பிடித்து வீடு வந்தபோது ஐந்தாம் நாள். தாய்க்கு இளையவன் கொள்ளி வைப்பது எங்கள் வழக்கம். இளையவன் நடுக்கடலில் இருந்தான். மூத்தவன் நான் வைத்தேன்.

நான் ரயில்வே குமாஸ்தா. கட்டண அட்டவணையோடு காலம் தள்ளுகிறவன். சென்னைக்கும் மும்பைக்கும் ரயில் பாதை ஏறத்தாழ 1,280 கிலோமீட்டர். மெயில் வண்டியில் சாதாரண ஸ்லீப்பர் கட்டணம் கிலோமீட்டர் கணக்கு. கல்யாணத்துக்குப் போனாலும் சாவுக்குப் போனாலும் அதே காசு. தட்கலில் கூடுதல்தான், அதற்கும் ஒரு வரம்பு உண்டு. அந்தமானுக்குத் தண்டவாளம் போட முடியாது. ஆகவே, அவசரத்துக்கு ஊர் வரவேண்டிய தொழிலாளிக்கு விமானம்தான் ரயில். அதற்கு மட்டும் ஏன் கிலோமீட்டர் கணக்கு இல்லை?

சந்தைதான் விலையைத் தீர்மானிக்கும் என்பார்கள். 2020 மே முதல் 2022 ஆகஸ்ட் வரை, பறக்கும் நேரத்தை வைத்து மத்திய அரசே கட்டண வரம்பு விதித்தது. 2025 டிசம்பரில் விமானங்கள் ஏராளமாக ரத்தானபோது, தூரத்தை வைத்து உச்சவரம்பு விதித்தது. 1,000 முதல் 1,500 கிலோமீட்டர் வரை 15,000 ரூபாய். கூலிக்காரனுக்கு அதுவே மலைதான். ஆனால் அளவுகோல் அரசாங்கத்தின் கையில் இருக்கிறது என்பது நிரூபணமாகிவிட்டது. நாடு முழுவதும் தவித்தால் அது நெருக்கடி; தீவில் ஒருவன் தவித்தால் அவன் தலைவிதியா?

1964 ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து வந்த மலையகத் தமிழர்களைக் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியேற்றியது இதே அரசாங்கம்தான். அவர்களுக்கோ போர்ட் பிளேர் வந்து சேரவே ஒரு கடல் பயணம். கொண்டுபோய் விட்டவர்களுக்கு, திரும்பி வர வழி செய்யும் பொறுப்பும் உண்டு.

கப்பலில் தீவுவாசிகளுக்குச் சலுகைக் கட்டணம் இருக்கிறது. தீவுவாசி அட்டை இல்லாத கூலித் தொழிலாளிக்கு அதுவும் கிடையாது. நாம் கேட்பது இரண்டே. ஒவ்வொரு விமானத்திலும் சாவு, நோய் போன்ற அவசரங்களுக்குச் சில இடங்களை ஒதுக்கி, கிலோமீட்டர் கணக்கில் நிலையான கட்டணம் வேண்டும். அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும் உழைப்பவர் எல்லோருக்கும் அது கிடைக்க வேண்டும்.

நீங்கள் கடைசியாக ஊர் வந்த தேதி, கொடுத்த கட்டணம், வந்து சேர்ந்த நாள் ஆகியவற்றை எழுதி, டிக்கெட்டோடு சங்கத்தில் கொடுங்கள். மனுவில் நம் கண்ணீரை எழுதினால் அனுதாபப்படுவார்கள். கணக்கை எழுதினால் பதில் சொல்லியாக வேண்டும்.