சட்டம் இருக்கிறது, வாத்தியார் எங்கே?

மில் தொழிலாளியின் காது கேளாத மகளும், விவசாயக் கூலியின் நடக்க முடியாத மகனும் படிக்க வேண்டுமா, வேண்டாமா?

வேண்டும் என்கிறது சட்டம். 40 சதவீதமும் அதற்கு மேலும் ஊனமுள்ள குழந்தை 6 வயது முதல் 18 வயது வரை, அருகிலுள்ள பள்ளியிலோ, விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்கலாம் என்று 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பிரகடனம் செய்கிறது.

நடைமுறை என்ன? 2011 ஜனத்தொகைக் கணக்குப்படி, இந்தியாவில் 5 முதல் 19 வயது வரையுள்ள மாற்றுத்திறனாளிகளில் நூற்றுக்கு 27 பேர் பள்ளி வாசலையே மிதித்ததில்லை. 12 பேர் சேர்ந்தும் தொடரவில்லை.

பெற்றோருக்கு அக்கறையில்லை என்று சில அதிகாரிகள் கூறுகிறார்கள். இது வீண் பழி. நடவுக்குப் போகும் தாய், பையனை இடுப்பில் சுமந்து பள்ளியில் விட்டு வருவதற்குள் வேலை தொடங்கிவிடும். அன்றையக் கூலி போயிற்று. ஊனச் சான்றிதழுக்காக ஆஸ்பத்திரிக்குப் போனால், "டாக்டர் இல்லை, அடுத்த வாரம் வா" என்பார்கள். மீண்டும் பஸ் சார்ஜ், மீண்டும் கூலி நஷ்டம். பணக்காரர் வீட்டுப் பிள்ளைக்குக் கார் உண்டு, தனி வாத்தியார் உண்டு. ஊனம் எந்த வீட்டிலும் வரலாம். ஏழை வீட்டில்தான் அது படிப்பையும் பறித்துக் கொள்கிறது. இதை முன்ஜென்ம வினை என்பது, சர்க்காரின் கடமையை விதியின் தலையில் கட்டும் வேலை.

பள்ளிக்குள் நுழைந்தாலும் கற்பிக்க ஆள் வேண்டும். சைகை மொழியும் பிரெய்லும் தெரிந்த வாத்தியார் இல்லாவிட்டால், வகுப்பில் உட்கார்ந்திருப்பதே படிப்பாகிவிடுமா? ஆரம்ப வகுப்புகளில் இத்தகைய 10 குழந்தைகளுக்கு ஒரு சிறப்பு ஆசிரியர், மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்று 2021இல் சுப்ரீம் கோர்ட் கூறியது. பணியிடங்களை நிர்ணயித்து அறிவிக்கும்படி 2025 மார்ச்சில் மாநிலங்களுக்கு மறுபடியும் உத்தரவிட வேண்டி வந்தது! தமிழ்நாட்டிலோ தொகுப்பூதியச் சிறப்பு ஆசிரியர்கள் பள்ளி பள்ளியாக அலைகிறார்கள். அவர்களும் உழைப்பாளிகளே. அவர்களுடைய நிரந்தர வேலைக்கான கோரிக்கை நம் குழந்தைகளின் கோரிக்கையும் ஆகும்.

இவர்களுக்குச் சம்பளம் தருவது சமக்ர சிக்ஷா திட்டம். பி.எம். ஸ்ரீ ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை என்பதற்காக, 2024-25இல் தமிழ்நாட்டுக்குரிய சுமார் 2,152 கோடி ரூபாயை மத்திய சர்க்கார் நிறுத்தி வைத்தது. கொள்கைச் சண்டைக்குக் குழந்தையின் புத்தகப் பையைப் பணயம் வைப்பது என்ன நியாயம்? அதேசமயம், டில்லியைக் காட்டி மாநில சர்க்காரும் கைகழுவிவிட முடியாது. சாய்தளமும், சக்கர நாற்காலி நுழையும் கழிப்பறையும் அமைப்பது அதன் பொறுப்பு.

இன்னொரு தந்திரத்தையும் கவனிக்க வேண்டும். கடும் ஊனமுள்ள குழந்தை வீட்டிலிருந்தே படிக்கும் உரிமையை 2012ஆம் ஆண்டுத் திருத்தம் தந்தது. அது பெற்றோர் விரும்பினால் எடுத்துக்கொள்ளும் உரிமை. பள்ளி கதவடைப்பதற்கான சாக்கு அல்ல.

ஆகவே நாம் கோருகிறோம்: சுப்ரீம் கோர்ட் சொன்ன விகிதப்படி நிரந்தரச் சிறப்பு ஆசிரியர்கள், வீட்டிலிருந்து பள்ளிக்கு இலவச வாகனம், ஒன்றியத்திலேயே சான்றிதழ் முகாம், சான்றிதழுக்கும் சிகிச்சைக்கும் போகும் நாளில் பெற்றோருக்குச் சம்பளத்துடன் லீவு.

கோரிக்கை தானாக நிறைவேறாது. சங்கக் கிளைகள் தெருத்தெருவாகச் சென்று, பள்ளி செல்லாத ஊனமுற்ற குழந்தைகளின் பட்டியலைத் தயாரிக்க வேண்டும். பட்டியலோடு தலைமை ஆசிரியரையும் வட்டாரக் கல்வி அலுவலரையும் சந்தித்து மகஜர் கொடுங்கள். மே தினத்தன்று கிராம சபை கூடுகிறது; அங்கே தீர்மானம் கொண்டு வாருங்கள். மில் சங்கங்கள் லீவுக் கோரிக்கையைத் தங்கள் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்கட்டும்.

கூலி உயர்வுக்காகக் கூடிய கைகள் இதற்காகவும் கூடட்டும். பட்டியல் எடுக்கும் வேலையை இந்த வாரமே தொடங்குங்கள், தோழர்களே!