கதவைச் சாத்தியவர்கள் எழுப்பிய சிலை

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்திலே ஆக்ஸ்ஃபோர்டு என்றோர் ஊர். அங்குள்ள பல்கலைக் கழகத்திலே வெண்கலச் சிலையொன்று நிற்கிறது. வாயிலை நோக்கி நடக்கும் இளைஞனின் சிலை. வாயிலின் மேலே 'துணிவு' என்ற சொல். சிலைக்குரியவர் ஜேம்ஸ் மெரிடித். எழுப்பியவர் யார்? உள்ளே வராதே என்று அவர் முகத்துக்கு நேரே கதவைச் சாத்திய அதே பல்கலைக் கழகத்தார்!

என்ன குற்றம் செய்தார் மெரிடித்? களவாடினாரா? கலகம் விளைத்தாரா? ஒன்பது ஆண்டுகள் விமானப் படையிலே பணிபுரிந்தவர், படிக்க இடம் கேட்டார். தோல் கறுப்பு, ஆகவே இடமில்லை என்றனர். வழக்காடினார், வென்றார். தீர்ப்பு வந்த பிறகும் மாநில ஆளுநர் ராஸ் பார்னெட் தாமே குறுக்கே நின்று தடுத்தார். சட்டத்தைக் காக்க வேண்டிய கரமே சட்டத்துக்குத் தாழ்ப்பாள் போட்டது!

1962 செப்டம்பர் 30 இரவு, குடியரசுத் தலைவர் கென்னடி அனுப்பிய மார்ஷல்கள்மீது கல்லும் புட்டியும் பறந்தன, துப்பாக்கிகள் வெடித்தன. பிரெஞ்சுப் பத்திரிகையாளர் ஒருவர் உட்பட இருவர் மாண்டனர். மார்ஷல்கள் 160 பேருக்கு மேல் காயமுற்றனர். பட்டாளம் வந்தது. மறுநாள் காலை மெரிடித் தம் பெயரைப் பதிவு செய்தார். ஒரு மாணவன் ஏடு ஏந்திச் செல்ல ஆயிரக்கணக்கான படைவீரர் துப்பாக்கி ஏந்த நேர்ந்தது! 1963 ஆகஸ்டில் பட்டமும் பெற்றார்.

44 ஆண்டுகள் உருண்டோடின. 2006 அக்டோபர் 1 அன்று சிலை திறந்தனர். காலம் கடந்தேனும் மனம் மாறியதே என்று மகிழத்தான் செய்கிறோம். ஆனால், சிலை நின்ற இடத்தைப் பாருங்கள். லைசியம் என்னும் தலைமைக் கட்டடத்தின் பின்புறம் மெரிடித். முன்புறம் யார்? அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென் மாநிலப் படைவீரன்; 1906இல் வைத்த சிலை! 1962 கலவர இரவிலே வெறிக் கும்பல் திரண்டது அதனருகேதான். 14 ஆண்டுகள் இரு சிலைகளும் ஒரே வளாகத்தில் நின்றன. 2020 ஜூலையில்தான் படைவீரன் சிலையைப் பெயர்த்தனர். வெளியே கொண்டு போனார்களா? இல்லை, வளாகத்திலேயே உள்ள கல்லறைத் தோட்டத்தில் வைத்தனர்.

இடையிலே, 2014 பிப்ரவரியில், மெரிடித் சிலையின் கழுத்திலே தூக்குக் கயிற்றை மாட்டினர், நிறவெறியர். பின்னர் நீதிமன்றம் தண்டித்தது, உண்மை. ஆனால் அன்று காலை அவ்வழியே வகுப்புக்குச் சென்ற கறுப்பின மாணவனின் நெஞ்சு என்ன பாடுபட்டிருக்கும்? வெண்கலத்துக்கு வலிக்காது, அவனுக்கு வலிக்குமே!

மெரிடித்தே 2012இல் தம் நூலில், அந்தச் சிலையை அகற்றுங்கள் என்று எழுதினார். தாம் நடத்தியது போர் என்பது அவர் கருத்து. நன்றி கெட்ட பேச்சு என்பர் சிலர். நாம் அப்படிக் கருதவில்லை. போராடியவனை உயரத்தில் ஏற்றி வைக்கும்போது, போராட வைத்தவர்கள் கூட்டத்தோடு கூட்டமாக நின்று கைதட்டித் தப்பிவிடுகிறார்கள். 'துணிவு' என்று பொறித்தால் போதுமா? படிக்க வந்தவனுக்குத் துணிவு ஏன் தேவைப்பட்டது என்று ஒவ்வோர் ஆண்டும் புது மாணவர்க்குச் சொல்ல வேண்டாமா?

சிலை நிற்கட்டும் என்பதே நம் எண்ணம். ஆனால், கடன் தீர்ந்ததற்கு அதை ரசீதாகக் காட்டாதீர். மிசிசிப்பி மக்களில் மூன்றிலொரு பங்குக்கு மேல் கறுப்பர். பல்கலைக் கழக மாணவரிலோ அதில் பாதியளவுகூட அவர்கள் இல்லை. அவர் பின்னே எத்தனை பேர் அந்த வாயிலுக்குள் நுழைகிறார்கள்? மாலைகளை எண்ணுவோர் அந்தத் தலைகளையும் எண்ணட்டும்!