தாடை மூட்டு பல் இல்லைங்க!



செப்டம்பர்னா எங்களுக்கு ஆடிட் சீசன். அந்த டென்ஷன்ல ராத்திரி பூரா பல்லைக் கடிச்சிருக்கேன் போல. வாயைத் திறந்தா காதுக்கு முன்னாடி 'டக்'னு ஒரு சத்தம். கொஞ்ச நாள்ல இட்லியைக்கூட விண்டு விண்டு உள்ளே தள்ள வேண்டிய நிலைமை. தாடை மூட்டுப் பிரச்சினை, அதாவது டிஎம்ஜே.

இதுக்கு பெரும்பாலானவங்களுக்கு ஆபரேஷனே தேவைப்படாது. மெதுவான சாப்பாடு, தாடைப் பயிற்சி, மாத்திரை, நைட் கார்டு போதும். எனக்கு அதெல்லாம் கேட்கலை. அதனால ஆர்த்ரோசென்டெசிஸ் செஞ்சாங்க. மூட்டுக்குள்ள ரெண்டு ஊசி. ஒண்ணு வழியா சலைன் உள்ளே போகும், இன்னொண்ணு வழியா வெளியே வரும். மூட்டைக் கழுவிவிடுற மாதிரிதான். அன்னைக்கு சாயங்காலமே வீட்டுக்கு வந்துட்டேன்.

வலி குறைஞ்சுது. ஆனா க்ளெய்ம் திரும்பி வந்துச்சு: "பல் சிகிச்சை, கவர் இல்லை." ஒரே வரி!

என் கருத்து இதுதான்: துளை சின்னதாக ஆக, க்ளெய்ம் சிக்கல் பெருசாகுது. 24 மணி நேர அட்மிஷன் இல்லைன்னா 'ஓபிடி'ன்னு ஒதுக்கப் பார்ப்பாங்க. செய்யுற சர்ஜன் பல் மருத்துவம் படிச்சவரா இருந்தா 'பல்'லுன்னு ஒதுக்குவாங்க.

ஐஆர்டிஏஐ கொடுத்திருக்கிற வரையறை வேற. பல் சிகிச்சைன்னா பற்களும், பற்களைத் தாங்குற அமைப்புகளும் சம்பந்தப்பட்டது. தாடை மூட்டு, கீழ்த்தாடையை மண்டையோட்டோட சேர்க்கிற மூட்டு. அது பல்லைத் தாங்கலையே! ஆஸ்பத்திரியில, லோக்கல் அனஸ்தீசியாவில, நவீன முறையால 24 மணி நேரத்துக்குள்ள முடியுற சிகிச்சைக்கு 'டே கேர்'னு தனி வரையறையே இருக்கு. இந்த ரெண்டையும் குறிப்பிட்டு புகார் எழுதினேன். ரெண்டு மாசத்துல பணம் வந்துச்சு. நைட் கார்டு காசு மட்டும் போச்சு.

ஒருவேளை உங்க பாலிசியில தாடை மூட்டுன்னு பேர் போட்டே விலக்கியிருந்தா இந்த வாதம் நிக்காது. அதனால தேதி குறிக்கிறதுக்கு முன்னாடியே ஹெச்ஆர் கிட்ட முழு பாலிசி வாசகத்தைக் கேளுங்க. ஒரு பக்க பிரவுச்சர் போதாது. கிளினிக் நாற்காலியா, ஆஸ்பத்திரியான்னு தெளிவுபடுத்திக்கோங்க. ப்ரீ-ஆத்தரைசேஷன் வாங்குங்க. டிஸ்சார்ஜ் சம்மரியில செஞ்ச சிகிச்சையோட சரியான பேர் இருக்கணும். இல்லாததை எழுதச் சொல்லாதீங்க, அது மோசடி.

கம்பெனி ஒரு மாசத்துல பதில் தரலைன்னாலோ, பதில் திருப்தி இல்லைன்னாலோ இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன் கிட்ட போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.

"வரியிலயாவது கழிச்சுக்கலாமா சார்?" முடியாது. ஹெல்த் இன்சூரன்ஸ் வரிக்கழிவுல நம்ம வயசுக்காரங்களுக்கு ஆஸ்பத்திரி பில் கழியாது. பிரீமியமும் செக்கப்பும்தான், அதுவும் பழைய வரி முறையில மட்டும்.

'கவர் இல்லை'ன்னு ஒரு வரியில சொன்னா உடனே ஒத்துக்காதீங்க. எந்த கிளாஸ்னு கேளுங்க. உங்களுக்கும் இப்படி நடந்திருந்தா கமெண்ட்ல சொல்லுங்க, வீடியோவுல பேசுவோம்.