டேட்டா சென்டர்களுக்கு எந்தத் தண்ணீர்? எங்கள் மன்றத்தின் நிலைப்பாடு

சிறுசேரி, நாவலூர், தாழம்பூர், படூர் வட்டாரத்து ஏரிகளுக்காக வேலை செய்துவரும் எங்கள் மன்றம், டேட்டா சென்டர்களைப் பற்றி இதுவரை எழுத்தில் எதுவும் சொன்னதில்லை. கடந்த பொதுக்குழுவில் உறுப்பினர்கள் அதைக் குறையாகவே சொன்னார்கள். இன்னொரு கட்டடத்துக்குக் கடைக்கால் தோண்ட ஆரம்பித்துவிட்டார்கள். இனியும் வாய் திறக்காமல் இருந்தால் அதைச் சம்மதம் என்றே எடுத்துக்கொள்வார்கள். மூன்று வரைவுகளைத் தாண்டிச் செயற்குழு ஏற்றுக்கொண்ட வாசகம் இது. எல்லா வரியிலும் எல்லாருக்கும் உடன்பாடு இல்லை. தண்ணீரைப் பற்றிய பகுதியில் மட்டும் மாற்றுக் குரலே எழவில்லை.

கொள்கையளவில் மன்றம் டேட்டா சென்டர்களை எதிர்க்கவில்லை. நம் உறுப்பினர்கள் பலர் ராஜீவ் காந்தி சாலை ஐ.டி. நிறுவனங்களில் சம்பளம் வாங்குகிறவர்கள். பெட்டிக்கடையில் யுபிஐ மூலம் கொடுக்கும் பத்து ரூபாய்க்கும், மருத்துவமனையின் ஸ்கேன் படத்துக்கும், ரேஷன் கார்டு விவரத்துக்கும் எங்கோ ஒரு சர்வர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். பணப் பரிவர்த்தனைத் தரவுகளை இந்தியாவுக்குள்ளேயே சேமிக்க வேண்டும் என்று 2018 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. கடலடி கேபிள்கள் சென்னைக் கரையில் ஏறுகின்றன. மாநில அரசு 2021-இல் தனிக் கொள்கையே வெளியிட்டு மின்வரியிலும் முத்திரைத்தாள் கட்டணத்திலும் சலுகை அறிவித்தது. ஆகவே இந்தக் கட்டடங்கள் ஏன் இங்கே வருகின்றன என்பது எங்களுக்குப் புரிகிறது. தரவு பெருகப் பெருக இன்னும் வரும்.

ஆனால் சர்வருக்குள் போகும் மின்சாரம் முழுவதும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வருகிறது. அந்தச் சூட்டை எங்கே தள்ளுகிறார்கள் என்பதுதான் எங்கள் கேள்வி. நீரை ஆவியாக்கித் தள்ளுவது ஒரு வழி. ஒரு மெகாவாட் சூட்டை முழுக்க இப்படி வெளியேற்றினால் ஆவியாகிப் போவது மட்டுமே ஒரு நாளைக்குச் சுமார் 35,000 லிட்டர். நம் அடுக்ககங்களின் வாசலில் வந்து நிற்கும் 12,000 லிட்டர் லாரியில் ஏறக்குறைய மூன்று லாரி. இது ஒரே ஒரு மெகாவாட்டுக்கான கணக்கு. பெரிய வளாகங்களைப் பத்துக் கணக்கான மெகாவாட்டில் கட்டுகிறார்கள். “எங்களுடையது மூடிய சுற்று, தண்ணீர் வீணாகாது” என்று சொன்னால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். மொட்டைமாடியில் கூலிங் டவர் இருக்கிறதா என்று கேளுங்கள். உள்ளே குழாயில் சுற்றும் நீர் வீணாகாமல் இருக்கலாம். டவரில் போகும் நீர் ஆவியாகித்தான் போகும். டவரே இல்லாமல் காற்றால் குளிரூட்டும் முறையும் உண்டு. அதற்குத் தண்ணீர் மிகக் குறைவு, மின்சாரம் கூடுதல். எந்தக் கட்டடம் எந்த முறை என்பதைச் சொல்லக்கூட மறுப்பதை எங்களால் ஏற்க முடியாது.

2019 ஜூனை யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டன. ராஜீவ் காந்தி சாலையில் ஐ.டி. நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்னதற்குக் காரணம் கழிவறைக்குக்கூடத் தண்ணீர் இல்லாதது. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டருடன் ரயில் வந்து வில்லிவாக்கத்தில் நின்றது. நகரமே அதை வேடிக்கை பார்க்கப் போனது. லாரிகளோ சுற்று வட்டாரத்துக் கிணறுகளை இரவும் பகலும் இறைத்தன. சொந்த ஊரின் நீர் லாரி ஏறிப் போவதைப் பார்த்து மறியலில் உட்கார்ந்த பெண்கள் பலர் இன்று இந்த மன்றத்தின் உறுப்பினர்கள். குடம் ஏந்தி நின்றவர்களிடம் “சிக்கனமாகப் பயன்படுத்துங்கள்” என்று பாடம் எடுத்தவர்கள், நன்னீரை ஆவியாக்கும் கட்டடத்துக்குச் சலுகை கொடுக்கும்போது அந்தச் சொல்லை ஏன் மறந்துவிடுகிறார்கள்? கிழக்கே கடல் இருக்கிறது. கரையோர மணலிலிருந்து அளவுக்கு மீறி உறிஞ்சினால் உப்புநீர் உள்ளே வரும். வந்தால் எளிதில் திரும்பிப் போகாது.

நீர்க்கணக்கு வணிக ரகசியம் என்று நம் உறுப்பினர்களுக்கு ஒரு அலுவலகத்தில் பதில் கிடைத்தது. இதே வாதம் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்து தி டால்ஸ் (The Dalles) நகரிலும் எழுந்தது. அங்கே கூகுள் டேட்டா சென்டர்களின் நீர் அளவைக் கேட்ட நாளிதழ்மீது நகராட்சியே வழக்குப் போட்டது. 2022 இறுதியில் வழக்கைக் கைவிட்டு வெளியிட்ட கணக்குப்படி, 2021-இல் மட்டும் அந்நிறுவனம் எடுத்தது சுமார் 134 கோடி லிட்டர், அந்தச் சிறு நகரின் மொத்தப் பயன்பாட்டில் கால் பங்குக்கு மேல். அந்த எண் வெளியானபின் அங்கே எந்த டேட்டா சென்டரும் மூடிக்கொண்டு போய்விடவில்லை. பொது நீர் யாருடைய ரகசியமும் ஆகாது. இந்த வாக்கியத்தை மென்மையாக்கலாமா என்று செயற்குழுவில் கேட்கப்பட்டது. பெரும்பான்மை மறுத்துவிட்டது.

வழி இல்லாமலும் இல்லை. கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் நாளொன்றுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை மூன்றாம் நிலை வரை சுத்திகரிக்கும் ஆலைகள் இருக்கின்றன. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், மணலித் தொழிற்சாலைகளுக்கு அந்த நீரைத்தான் தருகிறார்கள். கார் தொழிற்சாலைக்குப் போதுமான நீர் கூலிங் டவருக்குப் போதாதா? ராஜீவ் காந்தி சாலையின் கழிவுநீரில் ஒரு பகுதி பெருங்குடிச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. அங்கிருந்து குழாய் போடுவது செலவுதான். அதை நிறுவனங்களும் அரசும் பகிர்ந்துகொள்ளட்டும். நெம்மேலியில் மின்சாரத்தைக் கொட்டிக் கடல்நீரைக் குடிநீராக்குவது சர்வரைக் குளிர்விக்க அல்ல.

மின்சாரம், டீசல் ஜெனரேட்டர் புகை, இரைச்சல் ஆகியவை பற்றித் தனி அறிக்கை தர உத்தேசம். வேலைவாய்ப்பு என்ற வாதம், கட்டுமானம் முடிந்தபின் உள்ளே இருப்பவர்களின் எண்ணிக்கையைக் கொண்டு மதிப்பிடப்பட வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

புதிய அனுமதியே கூடாது என்ற தீர்மானத்தைச் சில உறுப்பினர்கள் கொண்டுவந்தார்கள். தற்போதைக்கு மன்றம் அதை ஏற்கவில்லை, நிராகரிக்கவும் இல்லை. நாங்கள் ஏற்றது இதுதான். நிலத்தடி நீரோ குடிநீரோ குளிரூட்டலுக்குப் போகக் கூடாது. சுத்திகரித்த கழிவுநீர் அல்லது காற்றுக் குளிரூட்டல் என்பது அனுமதியின் நிபந்தனையாக வேண்டும். இருபதாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டடம் என்ற வகையில் சுற்றுச்சூழல் அனுமதி தருவது போதாது, டேட்டா சென்டருக்கென்று தனி வகை வேண்டும். ஒவ்வொரு வளாகமும் எங்கிருந்து எவ்வளவு நீர் எடுத்தது என்பதை மாதாமாதம் ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுத வேண்டும். கோடையில் நம் வீடுகளுக்குக் கட்டுப்பாடு வந்தால் அவர்களுக்கும் அதே நாளில் வர வேண்டும்.

மார்ச் 22 உலகத் தண்ணீர் தினக் கிராம சபையில் இதைத் தீர்மானமாக முன்வைக்கிறோம். உறுப்பினர்கள் அவரவர் ஊராட்சியில் தவறாமல் கலந்துகொள்ள வேண்டும். போன கோடையின் தண்ணீர் லாரி ரசீதுகள் கையில் இருந்தால் எடுத்து வாருங்கள்.