மீன் சாஸுக்கு வீடு உண்டு, கருவாட்டுக்கு இல்லை

வேளச்சேரியில் எங்கள் அலுவலகத்துக்குப் பின் தெருவில் ஓர் உணவகம் திறந்து ஆறு மாதமாகிறது. பலகையில் ‘தாய் உணவகம்’ என்று தமிழிலும் எழுதியிருந்ததால் ஏதோ அம்மா சமையல் மெஸ் என்றே நினைத்திருந்தோம். தாய்லாந்துச் சாப்பாடு என்று தெரிந்த பிறகு, பயிற்சி வகுப்பு முடிந்த ஒரு சனிக்கிழமை நான்கு பேராகப் போனோம். எட்டு மேசை, பிளாஸ்டிக் நாற்காலி. மிரட்டுகிற இடம் இல்லை, விலைதான் கொஞ்சம் மிரட்டியது.

இதைச் சொன்னதும், “நடுத்தர வர்க்க ஆசை தோழர்” என்று ஒரு கல்லூரித் தம்பி கிண்டல் செய்தார். ஏற்க மாட்டோம். டீக்கடையில் இரட்டைக் குவளைக்கு எதிராக நின்றவர்களின் பிள்ளைகள் நாங்கள். நாற்காலியில் உட்கார்ந்து பிடித்ததைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுவதற்கு எதற்குக் கூச்சம்?

தொம் யாம் சூப் முதலில் வந்தது. எலுமிச்சைப்புல்லையும் அரத்தையையும் தள்ளிவிட்டுப் பார்த்தால், சளி பிடித்த பிள்ளைக்கு ஆத்தா வைத்துத் தரும் நண்டு ரசத்துக்குப் பக்கத்து உறவு. அடுத்தது பட் கிரபாவ். கொத்திய பன்றிக்கறியைப் பூண்டும் மிளகாயும் போட்டு வதக்கி, கடைசியில் கைப்பிடி துளசியை அள்ளிப் போடுகிறார்கள். ஆமாம், பெருமாள் கோயிலில் தீர்த்தத்தோடு தருகிறார்களே, அதே துளசி. பன்றியும் துளசியும் ஒரே தட்டில் சண்டை போடாமல் இருந்தன. நாங்கள் இரண்டாவது தட்டு வாங்கினோம்.

எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு வாடை இருந்தது. அதுதான் மீன் சாஸ். நெத்திலியை உப்பில் போட்டு மாதக்கணக்கில் ஊறவைத்து இறக்கும் சாறு. பக்கத்து மேசையில் ஒருவர் மூச்சை இழுத்துவிட்டு, “இதுதான் அசல் தாய்லாந்து மணம்” என்று தன் குடும்பத்துக்கு விளக்கிக்கொண்டிருந்தார். எங்களோடு வந்த தோழர் அதுவரை பேசாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மெதுவாகச் சொன்னார்: “இந்த மணத்துக்குத்தான் போன மாசம் எங்களைக் காலி பண்ணச் சொன்னாங்க.”

அவரும் அவர் அம்மாவும் அந்த வீட்டில் இருந்தது 4 மாதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா கருவாட்டுக் குழம்பு வைத்தார். மறுநாளே வீட்டுக்காரர் வந்து நின்றார். இதில் கவனிக்க வேண்டியது, அவர் சைவம் இல்லை. வாராவாரம் ஆட்டுக்கறி வாங்குகிறவர். வீடு பார்க்கப் போனபோது சாதியை அவர் கேட்கவும் இல்லை. “அசைவம் பரவாயில்ல, கருவாடு, பீஃப் மாதிரி ஏதும் சமைப்பீங்களா?” என்று மட்டும் கேட்டிருக்கிறார். சாதிச் சான்றிதழ் கேட்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? சமூகவியல் வகுப்பில் சுத்தம், தீட்டு என்று பக்கம் பக்கமாகப் படித்தோம். வாடகை வீடு தேடும்போது அது ஒரே கேள்வியில் முடிந்துவிடுகிறது. சைவம், அசைவம் என்ற கோடு மட்டும் அல்ல இது. கறிகளுக்குள்ளேயே ஊரும் சேரியும் இருக்கின்றன.

பச்சைப் பப்பாளியைத் துருவி உரலில் இடித்த சொம் தம் வந்தபோது இன்னொன்று நினைவுக்கு வந்தது. அது தாய்லாந்தின் வடகிழக்கில் உள்ள ஈசான் பகுதியோடு சேர்த்தே பேசப்படும் உணவு. லாவோ மொழி பேசும் உழவர்களின் பகுதி அது. அங்கிருந்து பிழைக்க வந்து பாங்காக்கில் டாக்ஸி ஓட்டுகிறவர்களும் கட்டட வேலை செய்கிறவர்களும் நிறைய. ஈசான்காரர்கள் இதில் பிளா ரா என்ற புளித்த மீனைச் சேர்ப்பார்கள். தலைநகரத்து மேல்தட்டுக்கு அந்த வாடை நெடுங்காலம் கேலிப்பொருள். உலகம் முழுக்கப் பரவியது பிளா ரா இல்லாமல், வேர்க்கடலையும் காய்ந்த இறாலும் போட்ட வகைதான். எங்கள் தட்டிலும் அதுவே இருந்தது. சாப்பாடு மேலே ஏறியது, அதை உண்டாக்கியவர்களின் வாடையைக் கீழே இறக்கி வைத்துவிட்டு.

இதைப் பார்க்கப் பாங்காக் வரை போக வேண்டாம். 2022 மே மாதம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா நடத்தப்போவதாகத் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் அறிவித்தது. கோழி உண்டு, ஆடு உண்டு, மாட்டுக்கறிக்கு மட்டும் இடமில்லை. ஆம்பூரில்! எதிர்ப்பு எழுந்ததும் மழையைக் காரணம் காட்டித் தள்ளி வைத்தார்கள். மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் விளக்கம் கேட்ட பிறகுதான் இது பாகுபாடு என்ற சொல்லே பலர் வாயில் வந்தது.

காசு கொடுக்கும்போது சமையல்காரரிடம் பேசினோம். மணிப்பூர்க்காரர், இருபத்தைந்து வயதிருக்கும். தாய்லாந்தை அவர் பார்த்ததே இல்லை. வடகிழக்கு முகம் இருந்தால் வாடிக்கையாளர்கள் நம்பிவிடுகிறார்கள் என்று சிரித்தார். அவர் ஊரில் ஙாரி என்று ஒரு புளித்த மீன் உண்டு, அது இல்லாமல் சோறு இறங்காதாம். ஆனால் தங்கியிருக்கும் அறையில் அதைச் சமைக்கக் கூடாது என்பது வீட்டுக்காரர் போட்ட நிபந்தனை. பகல் முழுக்க மீன் சாஸ் ஊற்றிச் சமைக்கிறவர், இரவு அறைக்குப் போய் முட்டை பொரித்துச் சாப்பிடுகிறார். ஊரிலிருந்து வந்த ஙாரி பொட்டலம் உணவகத்தின் குளிர்பெட்டியில் மூன்று உறைக்குள் கட்டிக் கிடக்கிறது. எங்கள் தோழர் அதைக் கேட்டு வாங்கி, பிரித்து, முகர்ந்து பார்த்தார். “எங்க சென்னாங்குன்னிக் கருவாடு இதுக்குத் தங்கச்சி” என்றார். இருவரும் அரைகுறை இந்தியில் அரைமணி நேரம் சமையல் பேசினார்கள். நாங்கள் மூவரும் வெளியே நின்று காத்திருந்தோம்.

தோழர் இன்னும் வீடு தேடிக்கொண்டிருக்கிறார். வேளச்சேரி, மடிப்பாக்கம், மேடவாக்கம் பக்கம், வாடகை 9,000-க்குள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கருவாடு சமைப்போம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.