ஜெயிச்சப்புறம் கோடி, அதுக்கு முன்னாடி?

ஒலிம்பிக் வந்தா நாம எல்லாரும் விளையாட்டு ஆர்வலர் ஆகிடுவோம். நானும்தான். எந்த மாநிலம் எத்தனை கோடி அறிவிச்சதுன்னு ஆணி புடுங்குறத விட்டுட்டு ஆபீஸ்ல கணக்கு போடுவோம். எனக்கு அந்தக் கணக்கு மேலதான் கடுப்பு.

2016 ரியோ பாராலிம்பிக்ல மாரியப்பன் தங்கவேலு 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார். உடனே தமிழக அரசு 2 கோடி, மத்திய அரசு 75 லட்சம். சந்தோஷம். ஆனா அந்த நாள் வரைக்கும்? காய்கறி வித்து அவரை வளர்த்த அம்மா, மகனோட கால் சிகிச்சைக்கு வாங்கின 3 லட்சம் கடனைக் கட்டிக்கிட்டு இருந்தாங்க. கோடி கொடுக்க மேடை இருக்கு, கேமரா இருக்கு. கடனுக்கு எதுவும் இல்லை.

"அதான் டாப்ஸ் இருக்கே"ன்னு யாராவது பின்னூட்டத்துல வருவீங்க, தெரியும். 2014ல மத்திய அரசு ஆரம்பிச்ச 'டார்கெட் ஒலிம்பிக் போடியம் ஸ்கீம்'. கோர் குரூப்ல சேர்ந்துட்டா வெளிநாட்டுப் பயிற்சி, கோச், பிசியோ, உபகரணம், அதுக்கு மேல கைச்செலவுக்கு மாசம் 50,000. டெவலப்மெண்ட் குரூப்புக்கு 25,000. நல்ல திட்டம், சந்தேகமே இல்லை. நீரஜ் சோப்ராவுக்கெல்லாம் அதுல உதவி கிடைச்சிருக்கு. உள்ள போற வாசல்தான் பிரச்சினை. மிஷன் ஒலிம்பிக் செல்னு ஒரு குழு உட்கார்ந்து, இவருக்கு மெடல் வாய்ப்பு இருக்கான்னு பார்க்கும். அதைக் காட்ட பெரிய போட்டிகள்ல ரிசல்ட் வேணும். ரிசல்ட் வேணும்னா கோச், பிசியோ, நல்ல சாப்பாடு வேணும். அதுக்குக் காசு? டாப்ஸ்ல கிடைக்கும்!

காலேஜ் முடிச்சு வேலை தேடினப்ப நம்ம எல்லாரும் பார்த்த கூத்துதான் இது. ஃப்ரெஷருக்கு ரெண்டு வருஷ எக்ஸ்பீரியன்ஸ் கேப்பாங்களே, அதேதான்.

கீழ்ப்படியில கேலோ இந்தியா இருக்கு. தேர்வாகுற சின்னப் பசங்களுக்கு வருஷம் 5 லட்சம், 8 வருஷம் வரைக்கும். சரி, பள்ளிக்கூட வயசுல யார் கண்ணுலயும் படாதவன்? பத்தொன்பது வயசுல ஓட ஆரம்பிச்சவன்?

எங்க காலேஜ்ல அப்படி ஒருத்தன் இருந்தான், 400 மீட்டர் தடை ஓட்டம். மூணு வருஷத்துல மாவட்டத்துலேர்ந்து மாநில அளவுக்கு வந்துட்டான். ஸ்பைக்ஸ் நாங்க ஹாஸ்டல்ல வசூல் பண்ணி வாங்கிக் கொடுத்தது. நாலாவது வருஷம் பின்தொடை தசை கிழிஞ்சுது. பிசியோவுக்குப் போக அவன்கிட்ட காசு இல்ல, எங்ககிட்டயும் இல்ல. தைலம் தேய்ச்சுக்கிட்டே மறுபடி ஓடினான், மறுபடி கிழிஞ்சுது. அவன் ஒலிம்பிக் போயிருப்பான்னு நான் சொல்ல வரல. போயிருப்பானான்னு பார்க்கக்கூட யாரும் இல்லைங்கறதுதான் என் புகார்.

"எல்லாருக்கும் கொடுக்க காசு ஏது?" நியாயமான கேள்வி. எல்லாருக்கும் 50,000 கேக்கல. போன வருஷத்தை விட இந்த வருஷம் எத்தனை நொடி குறைச்சான்னு பாருங்க. ரேங்கிங் பார்க்காம அந்த முன்னேற்றத்தைப் பார்த்து, மாவட்டத்துக்கு ஒரு பிசியோ, மாசாமாசம் சாப்பாட்டுச் செலவு, வருஷத்துக்கு ரெண்டு ஜோடி ஸ்பைக்ஸ் கொடுங்க. 2016ல அந்த ஒரு தங்கத்துக்கு அறிவிச்ச 2 கோடியில மாசம் 10,000 வீதம் நூறு பேருக்கு ஒன்றரை வருஷத்துக்கு மேல கொடுக்கலாம். வேணும்னா கால்குலேட்டர் எடுத்துப் போட்டுப் பாருங்க.

இத எழுதறதுக்கு முன்னாடி அவனுக்கு போன் பண்ணேன். இப்ப ஒரு ஸ்கூல்ல பி.டி. வாத்தியார். ஒன்பதாவது படிக்கிற பொண்ணு ஒருத்தி நல்லா ஓடுறாளாம். ஸ்பைக்ஸுக்கு வசூல் பண்ணலாமாடான்னு கேட்டான்.