இன்ஜினை இறக்கும் முன்...

"சார், இன்ஜினை இறக்கணும்."

பழைய கார் வைத்திருக்கும் பென்ஷன்காரர் காதில் இந்த மூன்று வார்த்தை விழுந்தால் அன்றைக்குத் தூக்கம் போச்சு. இறக்கினால் போர், பிஸ்டன், ரிங், பேரிங், லேத்து கூலி என்று இரண்டு மாதப் பென்ஷன் ஒரேயடியாகக் கரையும். இறக்க வேண்டிய இன்ஜின்கள் உண்டு, மறுக்கவில்லை. அளந்து பார்க்காமல் இறக்காதீர்கள் என்பதுதான் என் கட்சி.

ஸ்ரீரங்கத்தில் இன்னமும் வாசலில் ஒரு மாருதி 800 நிற்கிற வீடுகள் நிறைய. 1983 டிசம்பரில் வந்த வண்டி, 2014 ஜனவரியில் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். 796 சி.சி., மூன்றே சிலிண்டர். அதில் ஒன்று படுத்துக்கொண்டால் மூன்றில் ஒரு பங்கு பலம் போய்விடும். ஆனால் நம்ம ஊர் சமதரை. அம்மா மண்டபம், சத்திரம் பஸ் ஸ்டாண்ட், காந்தி மார்க்கெட் என்று சுற்றுகிறவரைக்கும் பெரிதாகத் தெரியாது. பேரனோடு கொல்லிமலைக்குக் கிளம்பினால் 70 கொண்டை ஊசி வளைவும் காட்டிக்கொடுத்துவிடும்.

மெக்கானிக் "கம்ப்ரஷன் இல்லை" என்பார். அது டாக்டர் "காய்ச்சல்" என்பது போல. எதனால் என்பதுதான் கேள்வி. பிஸ்டன் அமுக்குகிற காற்று எங்கேயோ ஒழுகுகிறது. முக்கியமான வழிகள் மூன்றுதான்: பிஸ்டன் ரிங் வழியாகக் கீழே, வால்வு வழியாக மேலே, ஹெட் கேஸ்கட் வழியாகப் பக்கத்தில். முதலாவதற்குத்தான் இன்ஜினை இறக்கும் பெரிய வேலை. மற்ற இரண்டுக்கும் ஹெட்டை மட்டும் கழற்றினால் போதும். டாப்பெட் இறுகியிருந்து வால்வு முழுசாக மூடாமல் இருந்தால், வால்வு கருகாதவரை அதுகூட வேண்டாம். ஒரு ஃபில்லர் கேஜ், ஒரு ஸ்பேனர், அரை மணி நேரம்.

எது என்று கண்டுபிடிக்க ஒரு கம்ப்ரஷன் கேஜும் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயிலும் போதும். வண்டியைக் கொஞ்சம் ஓட்டிச் சூடாக்கி, மூன்று பிளக்கையும் கழற்றி, இக்னிஷனையும் பெட்ரோலையும் துண்டித்து, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தபடி செல்ஃப் அடிக்க வேண்டும். பேட்டரி நன்றாக இருக்கணும், இல்லாவிட்டால் அளவு பொய் சொல்லும். மூன்றின் அளவையும் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு, குறைவாகக் காட்டிய சிலிண்டரில் அந்த ஒரு ஸ்பூன் ஆயிலை விட்டு மறுபடி அளக்க வேண்டும். அளவு நன்றாக ஏறினால் தேய்மானம் ரிங்கிலும் போரிலும். ஏறாமல் அப்படியே நின்றால் வால்வு அல்லது கேஸ்கட். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிலிண்டர் சேர்ந்து குறைந்திருந்தால் நடுவில் கேஸ்கட் போயிருக்கிறதா என்று பார்க்கணும். மூன்றும் ஒரே மாதிரி குறைந்திருந்தால் டைமிங் பெல்ட் ஒரு பல் தாண்டியிருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு அப்புறம் பயப்படலாம்.

அடையவளஞ்சான் வீதியில் என் நண்பர், ரிட்டயர்டு வாத்தியார், அவர் 800-க்கு இப்படித்தான் அளந்தோம். 165, 90, 160 பி.எஸ்.ஐ. நடுவில் இருப்பதுதான் நோயாளி. ஆயில் விட்டால் 95. அவ்வளவுதான் ஏறியது. அவருடைய வண்டியில் பல வருஷமாக கேஸ் கிட். எல்.பி.ஜி.யில் ஓடும்போது எக்ஸாஸ்ட் வால்வு சீட் சீக்கிரம் தேயும். வால்வு மேலும் மேலும் உள்ளே உட்கார, டாப்பெட் இடைவெளி குறைந்துகொண்டே போகும், கடைசியில் வால்வு மூடாமல் ஓரம் கருகும். ஹெட்டைக் கழற்றினார்கள், ஒரு வால்வு மாற்றி, மற்றவற்றை கிரைண்டிங் பேஸ்ட் போட்டுத் தேய்த்து உட்கார வைத்து, புது கேஸ்கட் போட்டு மூடினார்கள். முதலில் பார்த்த பட்டறையில் 'ஃபுல் இன்ஜின் வேலை' என்று சொன்ன தொகையில் நாலில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

அதற்காக அந்தப் பட்டறைக்காரரைத் திருடன் என்று சொல்ல மாட்டேன். தப்பு பாதி நம்மிடம். மெக்கானிக் ஒரு மணி நேரம் அளந்து, "டாப்பெட்தான் சார், சரி பண்ணிட்டேன்" என்று முந்நூறு ரூபாய் கேட்டால், "பார்த்ததுக்கே முந்நூறா?" என்று சண்டைக்குப் போகிறோம். அதே ஆள் முப்பதாயிரத்துக்கு இன்ஜினைப் பிரித்துப் போட்டால் பேரம் பேசி இருபத்தெட்டுக்குச் சந்தோஷமாகக் கொடுக்கிறோம். கண்டுபிடிப்பதற்குக் கூலி கிடையாது, பிரிப்பதற்குத்தான் கூலி என்றால் அவர் பிரிக்கத்தானே செய்வார்? நான் வேலை பார்த்த பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் அளப்பவனுக்கும் சம்பளம், பிரிப்பவனுக்கும் சம்பளம். டபிள்யூ.டி.எம்.-2 டீசலில் 16 சிலிண்டர், ஒவ்வொன்றும் 9 அங்குல விட்டம். ஒன்று கெட்டால் லைனரோடு அந்த ஒன்றை மாற்றலாம், பதினாறையும் தொட வேண்டியதில்லை. பட்டறைக்குப் போனதும் முதலில், "தம்பி, கம்ப்ரஷன் மட்டும் பாருங்க, ஆயில் விட்டும் பாருங்க, அதுக்குத் தனியா கூலி தர்றேன்" என்று சொல்லுங்கள். அவர் முகம் மாறுவதைப் பார்க்கலாம்.

சிக்கனம் என்ற பெயரில் செய்யும் வேறு சில காரியங்கள் எனக்குப் பிடிக்காது. புகையை அடக்க கெட்டி ஆயில், பாட்டிலில் வரும் மருந்து எல்லாம் தேய்ந்த போரை வளர்க்காது. முட்டை வடிவமாகத் தேய்ந்த போரில் புது ரிங் மட்டும் போடுவது அதைவிட மோசம். ரிங் வட்டம், போர் வட்டமில்லை, எப்படி ஒட்டும்? சில மாதத்தில் மறுபடி புகை, மறுபடி கூலி. போரை அளந்து, தேவைப்பட்டால் 0.25 அல்லது 0.50 மில்லிமீட்டர் ஓவர்சைஸ் பிஸ்டனுக்குக் கடைந்து போடுவதுதான் வேலை.

ஆக, மூன்று சிலிண்டரும் குறைந்து, பெல்ட் சரியாக இருந்து, ஆயில் விட்டதும் மூன்றும் ஏறினால் மெக்கானிக் சொன்னது சரி, இறக்கத்தான் வேண்டும். அப்போதும் உடனே தலையாட்டாமல் ஆர்.சி. புத்தகத்தை எடுத்துத் தேதியைப் பாருங்கள். 15 வருஷம் தாண்டின வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கணும். புதுப்பித்து நாலு வருஷம் மீதி இருந்தால் போர் போடலாம். ஆறு மாதத்தில் முடிகிறது என்றால், முதலில் வண்டிக்கு அடியில் படுத்துத் தரைத்தகடு துருப்பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். தகடு போன வண்டிக்குப் புது இன்ஜின் வேலை செய்ய நான் சம்மதிக்க மாட்டேன்.